மீசை வளர்த்த மாத்திரை

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமலிருக்கத் தரும் இலவச மாத்திரையை மாற்றக் கேட்டு மனுக் கொடுத்தால், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. பாறசாலைப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

“எக்கா, எனக்க மீசை போச்சு, பாத்தியளா?”

“பழைய மாத்திரை வளத்த மீசையா? புதுசுக்குக் கை நடுங்குமே மக்கா.”

“நடுங்கட்டும். அண்ணன் தந்த கிட்னிய உடம்பு தள்ளல்ல. இன்னைக்கு ரிசல்ட்டு வாங்கியாச்சு, ஜோராக்கும்!”

“ஆபீசுல எப்பிடிச் சம்மதிச்சாவ?”

“முகத்துல முடி வளருததுக்குச் சான்று கேட்டாவ. ஒரு மாசம் மழிக்காம நேரே போயி சாருக்க முன்னால நின்னேன். அவருக்க மீசையவிட எனக்கதுதான் கனம்!”

மனுக் கொடுத்தது சித்திரை விஷுவுக்கு முன்பாம். அனுமதி அவள் கைப்பேசிக்கு வந்தது, எல்லா அலுவலகமும் பூட்டிக் கிடந்த ஆவணித் திருவோணத்தன்று.