எடுக்காத பொட்டலம்

எனக்குப் பொட்டலம் மடிக்க நன்றாக வரும். ராசிபுரத்தில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடுகும் சீரகமும் மடித்துக் கொடுப்பது என் வேலை. நூல் கட்டாமலே அவிழாது. ஆர்மோனியமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

உட்கார் அம்மிணி. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாய், பதிவு ஓடுகிறது என்று தெரிகிறது. முப்பது வருஷம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதே, இரைச்சல் விழும். இந்தப் பக்கம் தள்ளி வை. காபியை நீ தொடவே இல்லை. அதில் ஒன்றும் கலக்கவில்லை, குடி. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கமும் உனக்குப் புரியும்.

உன் அம்மா அறிவுச்செல்வி என் கச்சேரிக் குழுவுக்கு வந்தபோது கல்யாணமான புதிது, இருபத்திரண்டு வயசு. சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் எந்தத் திருவிழா என்றாலும் 'மாதேஸ்வரன் குழு' என்றுதான் நோட்டீஸில் போடுவார்கள். கூட்டம் வந்தது அவளுக்காக. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவாள். உன் அப்பா செங்கோடன் ரிக் வண்டியோடு வருஷத்தில் ஒன்பது மாதம் வடநாட்டில் போர்க் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான்தானே நின்றேன்?

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், உனக்கு ஐந்து வயசு, சூரமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது பாட்டுப் பதிவு செய்தோம். ரயில் ஊதும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதினோரு நாள் ஆனது. ஒன்பதும் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டவை. ரிக் வண்டிக்காரன் வீட்டில் காத்திருக்கிற பெண்ணின் பாட்டுகள். நான் ஆர்மோனியம் வாசித்தேன், அவ்வளவுதான். கேட்டுப் பார்த்த சென்னைக் கம்பெனிக்காரர், ஆல்பத்தை உடனே வெளியிடலாம், அந்தம்மாவைச் சென்னைக்கு வந்துவிடச் சொல்லுங்கள் என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

நம் பக்கத்தில் பூ கேட்காமல் எந்தக் காரியம் நடக்கிறது, சொல். பெண் கொடுக்க, வீடு கட்ட, போர் போட, எல்லாவற்றுக்கும் கேட்கிறோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம், பொறுத்திரு. அந்தத் தை மாதம் ஆல்பத்துக்குப் பூ கேட்டோம். பொட்டலம் மடிக்க உன் அம்மா என்னைத்தான் சொன்னாள். எடுக்க உன்னை விட்டாள். பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். சிவப்பு வந்தது.

பூசாரி சடையன், "மத்ததையும் பிரிச்சுக் காட்டிப்போடலாமுங்களா?" என்று கேட்டார். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகும் என்றேன். அப்படி ஒரு வழக்கம் அதற்கு முன்னால் கிடையாது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன்.

அடுத்த தையிலும் சிவப்பு. இப்படியே ஐந்து தை. ஐந்தாவது தடவை உன் அம்மா கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்ணா, சாமிக்கு என்ற பாட்டு புடிக்கலையாட்ட இருக்குதுங்க. நான் என்னங்க குத்தம் பண்ணுனேன்?"

எனக்கும் கண் கலங்கிவிட்டது. குற்றமெல்லாம் இல்லை, இன்னும் நேரம் வரவில்லை என்று தேற்றினேன். பாவம், சென்னையில் அவளுக்கு யாரைத் தெரியும்? யாராவது ஏமாற்றியிருப்பார்கள். இங்கே மாசியிலிருந்து வைகாசி வரை ஒரு நாள் விடாமல் மேடை இருந்தது.

உனக்குப் பத்து வயசானபோது அவள் கழுத்தில் கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று சேலத்து டாக்டர் சொன்னார். குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்றும் சொன்னார். குரல் போனால் போகட்டும், பிள்ளையை வளர்த்தால் போதும் என்று உன் அம்மா என்னிடம் சொன்னாள். இதை நான் மறைக்க மாட்டேன். உன் அப்பாதான் சத்தீஸ்கரிலிருந்து போன் பண்ணினார்.

"டாக்டரு சொல்றாருன்னு கத்தி வெச்சுப்போட முடியுங்களா? போருக்கே பூ கேக்கறமுங்க. நீங்க முன்ன நின்னு சாமிய ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க."

முன்னே நின்றேன். அன்றைக்குப் பொட்டலம் மடிக்கும்போது நான் நிதானமாகத்தான் இருந்தேன். பன்னிரண்டு வருஷம் அந்தக் குரலைக் கட்டிக் காத்தவன் நான். அதை ஒரு கத்திக்கு எப்படிக் கொடுப்பது? மாசித் திருவிழாக்களுக்கு நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. கட்டி தானாகக் கரைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீ ரொம்ப நேரம் யோசித்தாய். கை இதற்கும் அதற்கும் போய்ப் போய் வந்தது. கடைசியில் இடது பக்கம் இருந்ததை எடுத்தாய். சிவப்பு.

சாமியே வேண்டாம் என்றுவிட்டது என்று அவள் பச்சிலை வைத்தியத்துக்குப் போனாள். அந்த மாசியும் பாடினாள், அடுத்த மாசியும் பாடினாள். குரலுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதை நீயும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவணியில் இறந்துபோனாள்.

அதன் பிறகு நீ எந்தக் கோயிலிலும் உன் கையால் திருநீறு எடுத்ததில்லை. பூசாரியையே நெற்றியில் வைக்கச் சொல்வாய். ஏன் என்று எனக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். குழந்தைதானே, மறந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஆல்பத்தை வெளியிடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். நல்ல பாட்டுகள், எத்தனை காலம் பெட்டியிலேயே கிடப்பது? இனி அவள் எங்கேயும் போகப் போவதில்லை. பூ கேட்டே ஆகவேண்டும் என்று உன் அப்பா நின்றார். தையில் கேட்டோம். சடையனின் பேத்தி எடுத்தாள், வெள்ளை வந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ குனிந்து, எடுக்காத பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தாய். அதிலும் வெள்ளை. மறுபடி மடித்து உன் பைக்குள் வைத்துக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் மூன்று மாதம் நீ வாயே திறக்கவில்லை. திருச்செங்கோட்டுக் காலேஜுக்குப் போனாய், வந்தாய், என்னைப் பார்த்தால் எப்போதும் போலச் சிரித்தாய். சடையனைத் தனியாகப் பார்த்துப் பழைய கதையெல்லாம் விசாரித்தாய் என்று காதில் விழுந்தது. அம்மாவின் பாட்டு முதலில் வெளியே வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாய். கெட்டிக்காரி. போன வாரம் சேலத்தில் ஆல்பம் வெளியிட்ட மேடையில், பாட்டைக் கேட்டு ஜனம் அழுதது. அட்டையில் 'இசை: மாதேஸ்வரன்' என்று பார்த்ததும் நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். மெட்டுப் போட்டவள் இல்லாதபோது யார் பெயரையாவது போட்டுத்தானே ஆகவேண்டும்.

இப்போது வந்து கேட்கிறாய்: "ஏனுங்க மாமா, எங்கம்மா ஆபரேசனுக்குப் பூ கேட்டப்ப, நான் எடுக்காத பொட்டலத்துல என்னங்க இருந்துச்சு?"

செவ்வரளி. அன்றைக்கும் சரி, அதற்கு முந்தைய ஐந்து தையிலும் சரி, இரண்டிலும் செவ்வரளிதான். உன் கைமேல் எந்தத் தப்பும் இல்லை தமிழினி. நீ எதை எடுத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும். போலீஸ் வந்து கேட்டாலும் இப்படியேதான் சொல்வேன். உன் அம்மாவைக் கொன்றது நான் என்று அவர்கள் எழுதினால், அதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் சாமிக்குப் பயந்தவன். மடித்துக் கொண்டுபோய் வைத்ததோடு என் வேலை முடிந்தது. இரண்டில் எதை எடுப்பது என்பதில் நான் ஒரு நாளும் தலையிட்டதில்லை. அதைச் சாமிக்கே விட்டுவிட்டேன்.