போலீஸ் சட்டை வந்தால்தான் சாப்பாடு

சாப்பிடாத பிள்ளையைப் போலீஸ் பேரைச் சொல்லி மிரட்டுவது தப்பா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த ஒருவர் தன் மனைவியின் தம்பியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ போலீஸ் சட்டையைப் போட்டுக்கினு வாசல்ல நின்னாதான் உன் அக்கா பையன் வாயைத் தொறக்குறான்."

"அந்தச் சட்டைதான் கிழிஞ்சிபோச்சே மாமா."

"ஆன்லைன்ல புதுசு ஆர்டர் போட்டேன். இப்பல்லாம் எல்லாருக்கும் விக்கக் கூடாதாம். போலீஸ் ஐடி கார்டு கேக்குறாங்க."

"நல்லதாப் போச்சு. நானே போலீஸ் செலக்ஷனுக்காகக் காலையில எழுந்து ஓடிக்கினு இருக்கேன். வேஷம் போட்டேன்னு எவனாவது புகார் குடுத்தா வேலையே போயிடும்."

"வேலை இன்னும் வரவே இல்லியேடா."

"வராமலே போயிடும் மாமா!"

"சரி, நீ செலக்ட் ஆயிடு. உன் கார்டைக் காட்டி ஒண்ணு வாங்கிடலாம்."

"செலக்ட் ஆனா சட்டையை அவுங்களே குடுப்பாங்க."

மாமா விடவில்லை.

"அதுவரைக்கும் எதிர்வீட்டு ஆட்டோக்காரர்கிட்ட காக்கிச் சட்டை கேக்கட்டுமா?"

"அதைப் பாத்தா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்கன்னு அழுவான் மாமா. தின்னதும் வெளிய வந்துடும்."

என் மடியில் மகள் இட்லியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'போலீஸ் மாமா வர்றார்' என்று சொல்ல வாயெடுத்தேன். முன் சீட்டு மச்சான் தன்மேல்தான் புகார் போய்விட்டதோ என்று பயந்துவிடப் போகிறானே என்று அதை விழுங்கிவிட்டேன். மகள் இட்லியை விழுங்கவில்லை.

வேறு என்ன சொல்லி ஊட்டுகிறீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.