பின்சீட்டில் ஆள் இருப்பதே தெரியாது

மருதுபாண்டி: ...இந்தப் புது பைக்குல முன்சக்கரத்தப் பிடிச்சிருக்க போர்க்கப் பாரு மாப்ள. தங்கக் கலரு! பழைய மாடல்ல இது கெடையாது. இதத் தலைகீழா மாட்டியிருக்கான்.

செல்வக்குமார்: அது சரி மச்சான். நீங்க எதுக்கு வந்தீகன்னு கேட்டேன்.

மருதுபாண்டி: அதுக்குத்தான் வாரேன்... இந்த ஹெட்லைட்டப் பாத்தியா? பருந்து மொறைக்கிற மாதிரி...

செல்வக்குமார்: எங்க அக்காவும் உள்ள அப்படித்தான் மொறச்சுக்கிட்டு இருக்கா. எட்டு நாளா.

மருதுபாண்டி: எட்டுதானா? எனக்கு என்னமோ... சரி விடு. கோவம் கொறைஞ்சிருக்கா?

செல்வக்குமார்: எப்படிக் கொறையும்? பொண்டாட்டியத் திருச்சுழியில விட்டுட்டு ரெட்டியபட்டி வரைக்கும் தனியாப் போயிருக்கீக.

மருதுபாண்டி: நான் விடலடா! பூ வாங்க அவளா எறங்குனா. நான்...

செல்வக்குமார்: எறங்குனது கூடவா தெரியல?

மருதுபாண்டி: பின்னாடி புது சஸ்பென்ஷன் மாப்ள. ஆள் இருக்கதும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

செல்வக்குமார்: பேச்சுக் குடுத்துப் பாக்க வேண்டியதுதான?

மருதுபாண்டி: பேசிக்கிட்டுத்தான்டா போனேன்! புது கிளட்ச் எம்புட்டு லேசா இருக்குன்னு வெளக்கிக்கிட்டே போறேன், அவ எதுத்து ஒரு வார்த்த சொல்லல. மொத தடவையா பொண்டாட்டி நம்ம பேச்ச ஒத்துக்கிட்டாளேன்னு சந்தோசம் வேற.

செல்வக்குமார்: வீட்டுல போயி?

மருதுபாண்டி: "எறங்கு"ன்னேன். யாரும் எறங்கல. எதுத்த வீட்டு ஒச்சம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே...

செல்வக்குமார்: சிரிக்காம என்ன செய்யும்? அக்காவுக்கு இன்னொரு கோவமும் இருக்கு. சேல சக்கரத்துல சிக்காம இருக்கத்தான் சாரி கார்டு. அதக் கழட்டுனது யாரு?

மருதுபாண்டி: நான்தான். லுக்கு கெடுதுன்னு. இந்தத் தொப்பைய வச்சுக்கிட்டு வண்டியோட லுக்கப் பத்திக் கவலப்பட்டவன் நான் ஒருத்தன்தான். நான் ஏறுறதுக்கு முன்னாடி அது டேங்க்ல ஏறி உக்காந்துக்கிருது. இப்பப் பாரு, கார்டத் திரும்ப மாட்டிட்டேன். பிடிச்சுக்கிறதுக்குக் கம்பியும் போட்டாச்சு.

செல்வக்குமார்: அது கெடக்கட்டும். ஹேண்டில்ல என்ன இது, நைலான் கயிறு?

மருதுபாண்டி: அது... ஸ்டைலு.

செல்வக்குமார்: மச்சான், ஓட்டிட்டா வந்தீக? எஞ்சின்ல சூடே இல்ல.

மருதுபாண்டி: புது மாடலு... சீக்கிரம் ஆறிரும்.

செல்வக்குமார்: மச்சான்...

மருதுபாண்டி: ...அந்தக் கயித்தால கட்டி, லோடு ஆட்டோவுல ஏத்தி வந்தேன். கம்மாக்கர முக்குல எறக்கி உருட்டிட்டு வாரேன். மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுறப் போகுது.

செல்வக்குமார்: ஏன், வண்டிக்கு என்ன?

மருதுபாண்டி: வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்... அன்னையிலருந்து ஓட்ட முடியலடா. நிமிசத்துக்கு ஒருக்கா பின்னாடி திரும்பிப் பாக்குறேன், அவள எங்கயும் விட்டுட்டனான்னு. சீட்டுல இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் கழுத்து திரும்புது. முந்தாநாளு அப்படித் திரும்பி, பரளச்சி ரோட்டுல கருவேல முள்ளுக்குள்ள போயிட்டேன். கணுக்கால் வீங்கிப் போச்சு.

செல்வக்குமார்: அதான் வந்ததுலருந்து வண்டிக்கு அந்தப் பக்கமே நிக்கிறீகளா?

மருதுபாண்டி: அவகிட்டச் சொல்லிறாத. வேணும்னா வண்டிய வித்துருறேன் மாப்ள. அவ வரணும். வீட்டுல இருக்கவே புடிக்கல.

செல்வக்குமார்: நீங்களே சொல்லுங்க. கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறா.

மருதுபாண்டி: ஏலே! எம்புட்டு நேரமா?

ரேணுகாதேவி: தங்கக் கலருலருந்து.

மருதுபாண்டி: ரேணுகா... நான்...

ரேணுகாதேவி: கால நீட்டுங்க... இம்புட்டு வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகாம சாரி கார்டு மாட்டிக்கிட்டு இருந்தீகளா?

மருதுபாண்டி: இன்னும் கோவமா?

ரேணுகாதேவி: அது மறுநாளே போயிருச்சு.

மருதுபாண்டி: பெறகு ஏன் வரல?

செல்வக்குமார்: அக்கா... சொல்லிரவா?

ரேணுகாதேவி: நானே சொல்றேன். இனி யாரையும் நம்பி ரோட்டுல நிக்கக் கூடாதுன்னு, எட்டு நாளா இவன் வண்டியில கியர் பழகுனேன். சாவியக் குடுங்க, பின்னாடி ஏறுங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன், ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க. சத்தம் நின்னா வண்டிய நிறுத்திருவேன்.