இடது பக்கம் நாலு இன்ச்

முத்துவேல்: இது என்னம்மா, ஆட்டோவுக்கும் சவப்பெட்டிக்கும் பொறந்ததா?

ஆனி ரோஸ்: கரும்பு டிரெய்லருண்ணே. கம்ப்யூட்டர் போட்ட படம்.

முத்துவேல்: அதுக்கு யாரு வெல்டிங் சொல்லிக் குடுத்தது?

ஆனி ரோஸ்: ரூல் மட்டுந்தான் எழுதிக் குடுத்தேன். கொக்கி முன்னாடி, சக்கரம் பாரத்துக்குக் கீழ, பக்கத் தகடு இவ்ளோ உயரம்னு. அத மாத்தி மாத்திச் சேத்து முந்நூத்திப் பன்னெண்டு புது வடிவம் போட்டுச்சு.

முத்துவேல்: முந்நூறா... பாடாலூர்ல பதினாறு வருசமா பட்டறை வச்சிருக்கேன். ஒரே வடிவந்தான். ஒருத்தனும் கைதட்டல.

ஆனி ரோஸ்: அந்த ரூலே உங்க வண்டியப் பாத்து எடுத்ததுதாண்ணே. எறையூர் மில்லு வாசல்ல வரிசையில நின்ன நாப்பது டிரெய்லர அளந்தேன். நாப்பதும் நீங்க கட்டுனது.

முத்துவேல்: அளந்தியா... டேப் வச்சா?

ஆனி ரோஸ்: பின்ன, சாண் வச்சா? நாப்பதுலயும் இடது தகடு நாலு இன்ச் கம்மி. அதான் கம்ப்யூட்டர் போடுற எல்லாமே இடது பக்கம் சரிஞ்சு வருது.

முத்துவேல்: ம்... டீ சாப்புடுறியா?

ஆனி ரோஸ்: ஏண்ணே கம்மி?

முத்துவேல்: அது வந்து... ஒரு சூட்சுமம்.

ஆனி ரோஸ்: நானும் காலேஜ் ப்ராஜெக்ட்ல அப்படித்தான் எழுதிருக்கேன். கட்டு தூக்குறவங்க தோளுக்குத் தோதா தாழ்த்துனதுன்னு, பதினோரு பக்கம். அதப் படிச்சுட்டுத்தான் சென்னைக் கம்பெனியில வேலைக்குக் கூப்புட்டுருக்காங்க. நாளைக்கு மூணு பேரு இங்க வர்றாங்க, உங்க வாயாலயே கேக்கணுமாம். அதுக்கப்புறந்தான் வேலைக்கான ஆர்டர் கையில குடுப்பாங்க.

முத்துவேல்: அய்யோ... என்னைய எதுக்கும்மா இழுத்து வுடுற?

ஆனி ரோஸ்: சூட்சுமத்தச் சொல்லுங்கண்ணே, போதும்.

முத்துவேல்: சூட்சுமமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இடது தகடு நான் வெட்டுறது. என் டேப்புல மொத நாலு இன்ச் அத்துப் போயி வருசக்கணக்காச்சு. வலது தகடு என் சம்சாரம் வளர்மதி வெட்டுவா. அவ டேப் முழுசா இருக்கு.

ஆனி ரோஸ்: அக்கா கேக்கலியா?

முத்துவேல்: கேட்டா. வாஸ்துன்னு சொல்லிட்டேன். இன்னும் நம்பிக்கிட்டிருக்கா.

ஆனி ரோஸ்: வண்டிக்காரங்க?

முத்துவேல்: கரும்ப ஏத்திட்டா எந்தத் தகடு தெரியுது... மன்னிச்சுக்கம்மா. உன் வேலைக்குல்ல உலை வச்சுட்டேன்.

ஆனி ரோஸ்: அந்த டேப்ப நான் போன வாரமே பாத்துட்டேண்ணே. அவங்க வர்றதுக்குள்ள அதக் கெணத்துல போட்டுட்டு, சூட்சுமம்னே சொல்லுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.