அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்

— அதுக்காக நான் வர்ற நேரமாப் பார்த்து லிஃப்டை நிறுத்துவீங்களா? எட்டு மாடி. ஆறாவது மாடியில செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துட்டேன்.

— போன் பண்ணியிருந்தா ஓட விட்டிருப்பேன்ல.

— மூணு தடவை பண்ணேன். கையில கிரீஸ் இருந்தா நீங்க எந்தக் காலத்துல போனை எடுத்திருக்கீங்க?

— சரி, உக்காரு ஆபீசரம்மா. அந்த மோட்டார் மேல இல்ல, சுடும். இந்த டப்பா மேல உக்காரு.

— உக்காரல்லாம் நேரமில்ல. மணி நாலேகால். அந்த ஊர் வேலையில சேர்றேனா இல்லையான்னு அஞ்சுக்குள்ள மெயில் போடணும். மூணு நாளா யோசிக்கறேன் யோசிக்கறேன்ங்கறீங்க. இன்னிக்கு நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள கிளம்பிட்டீங்க. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல என்னைக்காவது ஏழு மணிக்கு முன்னாடி வேலைக்குப் போயிருக்கீங்களா?

— இந்த பில்டிங் பிரேக் சத்தம் போடுதுன்னு செகரட்டரி சொன்னாரு.

— பிரேக் சத்தம் போட்டுதோ என்னவோ, நீங்க சத்தமே போடாம நழுவறீங்க. சரி, அடுத்தது. போறோமா, இல்லையா?

— நான் சொல்றது என்னன்னா, அந்த ஊர்ல வீடு பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? இந்த மோட்டார் ரூம் அதைவிடப் பெருசு. பாத்ரூம் கதவைச் சாத்தினாத்தான் ஃபிரிட்ஜ் கதவு திறக்குது. நான் உள்ள குளிக்கறப்ப நீ பால் எடுத்துக்கலாம். நான் வெளிய வரணும்னா நீ ஃபிரிட்ஜை மூடியாகணும்.

— அந்த வீட்டுக்குத்தான் நமக்கு முன்னாடி பதிமூணு பேர் வரிசையில நின்னாங்க. உங்க பொண்ணு ஜன்னலோரத்தைத் தனக்குன்னு எழுதியே வெச்சுட்டா.

— அவளுக்கென்ன, வாடகை கட்டப் போறவளா? சம்பளத்துல பாதி அந்த ஜன்னலுக்கே போயிடும்.

— எந்தச் சம்பளம்? எங்க ஃபேக்டரி மூடி எட்டு மாசம் ஆச்சு. காலிக் கட்டடத்துல நானும் ஒரு கிளார்க்கும் உக்காந்து, வேலை போனவங்க கணக்கைத் தீர்த்து ஃபைல் கட்டிட்டிருக்கோம். அடுத்த மாசம் ஃபைலும் தீர்ந்துடும். இந்த ஊர்ல எவனும் ஆள் எடுக்கல, இருக்கறவங்களை எப்படி வீட்டுக்கு அனுப்பலாம்னு பார்க்கறான். இந்த நேரத்துல நாப்பத்திரெண்டு வயசுக்காரியைத் தேடிக் கூப்பிட்டு வேலை தர்றேங்கறாங்க.

— அப்படித் தேடிக் கூப்பிடறவங்க யாருங்கறதுதான் என் கேள்வி. இரு, செகரட்டரி போன் பண்றாரு. சொல்லுங்க சார். ஆமா சார், மேலதான் இருக்கேன். இன்னும் இருபது நிமிஷம். இல்ல சார், இப்ப யாரையும் ஏத்தாதீங்க. அஞ்சாவது மாடி டாக்டரை அங்கயே உக்காந்து பேப்பர் படிக்கச் சொல்லுங்க. வெச்சிடறேன் சார்.

— வீட்டு விஷயம்னா மட்டும் இப்படிப் பட்டுப் பட்டுனு பதில் வராது.

— உன்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன். நீ இன்டர்வியூவுல இருந்த ரெண்டு மணி நேரமும் நான் கீழ சும்மா உக்காந்திருக்கல.

— தெரியும். மேனேஜர் வாசல் வரைக்கும் வந்து உங்களுக்குக் கை குடுத்தாரு. அப்புறம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. முழுக்கக் கறுப்பு. சார் என்ன தொழில் பண்றார்னு மெதுவா என்னைக் கேட்டாரு.

— அவங்க சொந்த பில்டிங் லிஃப்ட்ல உன்னோட ஏறினப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கதவு திறக்குது, தரைக்கும் லிஃப்டுக்கும் ரெண்டு விரல் வித்தியாசம். நீகூடத் தடுக்கினியே. நல்லாப் பார்த்துக்கற லிஃப்ட் அப்படி நிக்காது. வாட்ச்மேன்கிட்ட நானும் இதே தொழில்தான்னு சொல்லி, மோட்டார் ரூம் சாவியை வாங்கிட்டுப் போனேன்.

— யாரோ ஒருத்தர் ஆபீசுக்குப் போய், சாவியும் வாங்கி!

— கேளு. இதோ செவுத்துல தொங்குது பாரு அட்டை. மாசாமாசம் லிஃப்டைப் பார்த்துட்டு நான் கையெழுத்து போடறது. அங்கயும் தொங்குது. பதினோரு மாசமாக் கையெழுத்து இல்ல. இரும்புக் கயித்துல ரெண்டு இடத்துல இழை பிரிஞ்சிருக்கு. நாலு பேருக்கு மேல ஏத்தாதீங்கன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். பிரேக்ல ஒரு போல்ட்டு, கையாலயே கழட்டலாம். அதை மட்டும் முறுக்கிட்டேன். மனசு கேக்கல.

— பொண்டாட்டி இன்டர்வியூவுக்குத் துணைக்கு வந்த மனுஷன் ஓசியில ரிப்பேர் பண்ணிட்டு வந்திருக்கீங்க.

— சிரிக்காத. இருபத்திரெண்டு வருஷமா நான் பார்க்கறது இது. ஒரு கம்பெனி தள்ளாட ஆரம்பிச்சா முதல்ல ரிசப்ஷன்ல பூ வைக்கறதை நிறுத்துவாங்க. அப்புறம் லிஃப்ட்காரனை நிறுத்துவாங்க. அதுக்கப்புறம் சம்பளத்துல கை வைப்பாங்க. அங்க பூச்சாடி இருந்துச்சு, உள்ள பேனா நிக்குது. லிஃப்ட்காரன் இல்ல. அடுத்தது யாரு?

— உங்க கணக்குப்படி எவ்வளவு நாள் தாங்கும்?

— ஆறு மாசம். மிஞ்சிப் போனா எட்டு. அந்த வாட்ச்மேன் பாவம், புதுசா மேடமெல்லாம் எடுக்கறாங்க சார், இனிமே கவலையில்லன்னு சந்தோஷமாச் சொல்றாரு.

— சரி, அடுத்தது.

— இதுக்கு மேல என்ன அடுத்தது?

— இது வெளிய சொல்ற காரணம். உள்ள ஒண்ணு வெச்சிருக்கீங்க. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு.

— இந்த ஊர்ல அறுபத்திரெண்டு லிஃப்ட் என் கையில ஓடுது. எது எந்த மாடியில முனகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெருவுல இறங்கினா நாலு பேர் நின்னு பேசறாங்க. அங்க நாப்பது மாடி, அம்பது மாடி. எல்லாம் கம்ப்யூட்டர். லேப்டாப்பைத் தூக்கிட்டு ரிப்பேருக்குப் போறாங்க. நாப்பத்தியேழு வயசுல நான் போய் சின்னப் பசங்க பின்னாடி நின்னு, இந்த பட்டன் எதுக்குப்பான்னு கேக்கணும்.

— அந்தக் கம்ப்யூட்டர் லிஃப்ட் எதுல தொங்குது?

— எதுல தொங்கும்? கயித்துலதான்.

— அதைத்தான் கேட்டேன்.

— நீ பொறக்கும்போதே கையில ஃபைலோட பொறந்திருப்ப.

— முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன், ஒரு வாரம் பேச மாட்டேன், அவ்வளவுதான். ஆனா பயம்னா பயம்னு சொல்லணும். கம்பெனி மேல பழியைப் போட்டுட்டு ஒதுங்கக் கூடாது.

— பயம்தான், இல்லேங்கல. அதுக்காகக் கம்பெனி மூழ்கறது பொய்யாயிடுமா?

— பொய்யின்னு நான் சொல்லவே இல்லயே.

— இரு, இந்த லைட்டைக் கொஞ்சம் பிடி. இன்னும் மேல. அங்கதான். நான் சொல்றது என்னன்னா, காலையில சும்மா ஓடி வரல. அந்த பில்டிங்கை முன்னாடி பார்த்துக்கிட்டிருந்த மெக்கானிக் நம்பரை வாட்ச்மேன் குடுத்தாரு. ஆறரைக்குப் பேசச் சொன்னாரு. வீட்டுல இருந்து பேசினா போனைப் பிடுங்கி நீயே பேசியிருப்ப.

— அப்படியா சங்கதி. என்ன சொன்னாரு?

— பணம் வரல, அதான் போறதை நிறுத்திட்டேன்னாரு. நான் நினைச்சது சரிதான். ஆனா இன்னொண்ணும் சொன்னாரு. அங்க ஆளே கிடைக்கலையாம். வாடகை கட்ட முடியாம பாதி மெக்கானிக்குங்க ஊரை விட்டே போயிட்டாங்களாம். நாலு மாடி, அஞ்சு மாடி, பழைய லிஃப்டுங்க, என் ஸ்பேனர் போற லிஃப்டுங்க, மாசக்கணக்காக் காத்துக் கிடக்குதாம். வந்தா முதல் மாசமே பத்து பில்டிங் தர்றேன்னாரு.

— இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னைப் படுத்தினீங்க?

— எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டுத்தானே மாட்டணும். இப்ப கேளு. உன் கம்பெனி ஆறு மாசம் ஓடும். அதுக்குள்ள நான் இருபது பில்டிங் பிடிச்சிடுவேன். அது மூழ்கற அன்னிக்கு நீ நிம்மதியா வீட்டுக்கு வா, மீதியை நான் பார்த்துக்கறேன். மெயிலைப் போடு.

— நிஜமாத்தான் சொல்றீங்களா?

— போடு, மணி ஆகுது.

— போட்டுட்டேன். இப்ப நான் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அதான் மூணு நாளாப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். பாதியை நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க.

— அப்ப அது மூழ்கப் போகுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

— மூழ்கத்தான் போகுது. உள்ள இருக்கற முந்நூத்திருபது பேரையும் ஒழுங்காக் கரையேத்திட்டு, கடைசியாக் கதவைப் பூட்டிட்டு வர்றதுக்குத்தான் ரெண்டு வருஷத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க.