தேனக்காவின் இரும்புச்சட்டி

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் தோழிகளே, முன்வரிசையில் இருக்கும் தேனக்காவின் வீட்டுக்காரர் டிரைவர் மாமா, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எழுதும் தகுதியும் இருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான் என்பதால், "நீ படிச்சவ, நீயே எழுதிடு" என்று தகடு வெட்டும் பிரஸ் பிரிவு அக்காக்கள் தள்ளிவிட்டார்கள். தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன்.

நம் மகளிர் பிரிவுச் செயலாளர் தேனக்கா இறந்துவிட்டார். கம்பெனி அறிவிப்புப் பலகையில், 'சமையலறையில் வழுக்கி விழுந்து காலமானார்' என்று ஒட்டியிருக்கிறார்கள். தேனக்கா வழுக்கி விழவில்லை. அவரை அடித்துக் கொன்றார்கள். அவருக்காகக் கூடிய கூட்டத்தில் இதைக்கூடச் சொல்லாவிட்டால் நாம் எதற்குக் கூடினோம்?

அவர் சாந்தமானவர் என்று புகழ்ந்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கேன்டீனில் ஒரு சூப்பர்வைசர் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் இடுப்பில் கை வைத்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டாலேயே அவர் மூக்கில் அறைந்தவர் தேனக்கா. சட்டையெல்லாம் ரத்தம். "என்னம்மா இப்படி அடிச்சிட்ட?" என்று மேனேஜர் ஓடி வந்தார்.

"ஒண்ணும் ஆகல சார். தட்டு எவர்சில்வர், வளையல" என்றார் அக்கா.

அதன்பிறகு அந்த சூப்பர்வைசர் நம் வரிசைப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தார். பார்த்தோமா இல்லையா?

தேனக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பெரிய பிரஸ் இயந்திரத்தைப் பூட்டச் சீனாவிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். கைபேசியில் மொழிபெயர்த்துத்தான் பேச்சு. இயந்திரத்தின் வாயருகே இருக்கும் கண்ணாடிக் கண்களைக் காட்டி, கை உள்ளே இருந்தால் இவை பார்த்துவிடும், பிரஸ் இறங்காது என்று அக்காவுக்கு விளக்கியவர் அவர்தான். போகும்போது, தன் ஊரான யுன்னான் மலையில் விளைந்த பச்சைக் காப்பிக்கொட்டை ஒரு பை கொடுத்தார். பிறகு பார்சலிலும் அனுப்பினார். பழத்தின் தோலை மட்டும் உரித்து, பிசுபிசுப்பான சதையோடு காயவைத்த கொட்டை. அந்தப் பிசுபிசுப்பைத்தான் காப்பி விளைவிப்பவர்கள் தேன் என்கிறார்கள். உண்மையில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. அதை வறுத்துக் கொடுத்ததால்தான் அவர் தேனக்கா ஆனார்.

"என்னை மாதிரிதான். பேருல மட்டும் தேன்" என்பார் அக்கா.

அதை வறுப்பது அவர் வீட்டில் ஒரு அடிதடி. இரும்புச்சட்டி காய்ந்து புகையும். கொட்டை முதலில் புல் வாசம் வீசும், பிறகு ரொட்டி வாசம், பிறகு படபடவென்று வெடிக்கும். மேலே ஒட்டிய இனிப்பு கண் இமைப்பதற்குள் கருகிவிடும். அதனால் வெடி கேட்கும்போது யாரும் காலிங்பெல் அடிக்கக்கூடாது. அடித்தால் கரண்டி பறந்து வரும். நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருப்போம். உள்ளே அக்கா கொட்டையைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். கருகிவிட்டால் சட்டியைத் தொட்டியில் ஓங்கி அடிப்பார். கட்டடமே அதிரும்.

பிறகு கதவு திறக்கும். முந்தைய வாரம் வறுத்ததைக் கொரகொரப்பாக அரைத்து, கிண்ணங்களில் போட்டு வெந்நீர் ஊற்றுவார். மேலே ஏடு போலக் கட்டும் தூளை ஸ்பூனால் உடைத்து, மூக்கை நுழைத்து முகர்ந்து, சர்ரென்று உறிஞ்ச வேண்டும்.

"பேரீச்சம்பழம்" என்பாள் ஒருத்தி.

"எனக்கு எங்க வீட்டுக்காரர் சாக்ஸ் வாசம் வருது" என்பாள் இன்னொருத்தி.

"அதை எப்படி நாக்குல வச்சுப் பார்த்த?" என்பார் அக்கா.

காய்ந்த அத்திப்பழம், கடைசியில் கரும்பு என்று நான் முணுமுணுப்பேன். "சத்தமா சொல்லுடி. தப்பாயிருந்தா ஜெயில்லயா போடப்போறாங்க?" என்று அதட்டுவார். வாரம் முழுவதும் இயந்திரத்தின் இரைச்சலில் வாய் மூடிக் கிடந்த நாங்கள், அந்தச் சமையலறையில்தான் வாய்விட்டுச் சிரித்தோம்.

இப்போது, பூனைக்குட்டி என்று நாம் கூப்பிடும் சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை தாமதமாகிறது என்று அந்தக் கண்ணாடிக் கண்களைக் கம்பி போட்டுச் செயலிழக்க வைத்தார் கான்ட்ராக்ட் மேஸ்திரி. நம் பூனைக்குட்டியின் கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கியது. அந்தச் சத்தத்தை இங்கே மறந்தவர் யார்? தகட்டோடு சேர்த்து விரல்களும் வெட்டுப்பட்டன. அவள் அலறவில்லை. கையுறையைக் காணோம் என்று தரையில் தேடினாள். வேலையில் அவள் தூங்கிவிட்டாள் என்று கம்பெனியில் சொன்னார்கள்.

விசாரணையைத் திங்கட்கிழமை வைத்திருந்தார்கள். கேட்டில் வைத்து அக்கா மேஸ்திரியிடம் நேராகவே சொன்னார்: "நீ கம்பி கட்டினத என் கண்ணால பார்த்தேன். வந்து சொல்லத்தான் போறேன்."

"உனக்கும் கையில விரல் இருக்குக்கா, பார்த்துக்க" என்றார் மேஸ்திரி.

"இருக்குடா. அஞ்சும் உன் கன்னத்துக்குத்தான்."

அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம், நானும் தோழிகள் இருவரும் சுவை பார்க்கப் போனோம். உள்ளே கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அக்கா திட்டினார். சட்டி மோதியது. மறுபடியும் மோதியது. எதுவோ உடைந்தது. கருகல் வாசம் வந்தது. "இன்னைக்குப் போச்சு, நமக்குக் கரிதான்" என்று ஒருத்தி சொன்னாள். சிரித்தோம். அவரை அடித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் வெளியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். பெல் அடிக்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம் அல்லவா?

கதவு திறந்தது. மூன்று ஆண்கள் இறங்கினார்கள். நடுவில் வந்தவர் முகத்தில் துண்டைப் பொத்தியிருந்தார். "கொஞ்சம் வழி விடும்மா" என்றார். காலை மடக்கி வழி விட்டோம். துண்டு சரிந்தது. கன்னம் வெந்து சிவந்திருந்தது. அந்தத் தோலில் பாதி வறுபட்ட கொட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது மேஸ்திரி. அக்கா சட்டியோடு அவர் முகத்தில் கவிழ்த்திருக்கிறார். சாகும்போதும் சும்மா சாகவில்லை எங்கள் செயலாளர்.

உள்ளே ஓடினோம். சமையல் மேடையின் கல் விளிம்பில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. தரையெல்லாம் கொட்டை. அக்காவின் ஒரு கண் மூடிவிட்டது. மற்றொரு கண்ணால் எங்களைப் பார்த்து, "அடுப்ப அணைங்கடி" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது; ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

மாமா, இதை உங்கள் முன்னால் வாசித்ததற்கு மன்னியுங்கள்.

வீட்டில் குக்கர் வெடித்து முகம் வெந்தது என்கிறார் மேஸ்திரி. நான் காவல் நிலையத்தில் பார்த்ததைச் சொன்னேன். "நீ ஒருத்தி சொன்னா நிக்காதும்மா. கூட இருந்தவங்க எதுவும் பார்க்கலைன்னுட்டாங்களே" என்றார் இன்ஸ்பெக்டர்.

தள்ளிவைத்திருக்கும் பூனைக்குட்டி விபத்து விசாரணை நடக்கும். கம்பி கட்டியதைப் பற்றி அக்கா சங்கத்தில் பேசியதை நான் அங்கே சொல்வேன். மகளிர் பிரிவும் நிற்காது. அக்காவின் வேலையை நாம் தொடர்வோம் என்று உங்கள் எல்லோர் சார்பிலும் உறுதி சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அதைக் கேட்கத்தான் இந்த மேடையில் ஏறினேன். ஆரம்பத்தில் கேட்கத் துணிவு வரவில்லை.

அன்று என்னோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நீங்கள் இருவரும் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள். நான் உங்கள் பக்கம் பார்க்கவில்லை, பெயரும் சொல்லமாட்டேன். உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. எனக்கும் பயம்தான். இரண்டு இரவாகக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்குகிறேன். நாளைக் காலை மறுபடியும் காவல் நிலையத்துக்குப் போகிறேன். இரண்டு பேரும் வர முடியாவிட்டால் பரவாயில்லை. ஒருவராவது வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.