சித்தம்மாவின் ஆட்டு மணி

காபியில் சர்க்கரை குறைத்தே போட்டிருக்கிறேன், ரவி. ஆறுவதற்குள் குடித்துவிடு கண்ணு. உன் அம்மா சித்தம்மாவின் ஆட்டு மணி என் ராகிப் பானைக்குள் எப்படி வந்தது என்றுதானே கேட்டாய். சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மைசூர் ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சலோடு கிடந்து நீ பிழைத்தாய். உன் அம்மா ஒரு பெட்டைக்குட்டிக்கு இந்த மணியைக் கட்டி, சாமி பேரைச் சொல்லிக் கரட்டில் அவிழ்த்துவிட்டாள். "அது மேயற வரைக்கும் எம் பையனுக்கு ஒண்ணும் ஆகாது, வடிவு" என்றாள். அவளைப் பார்த்து ஊரில் ஆளாளுக்கு நேர்ந்துவிட்டார்கள். குட்டி போட்டுப் பெருகி முப்பது உருப்படி ஆனது. கட்டவும் ஆளில்லை, மேய்க்கவும் ஆளில்லை. கரட்டை மொட்டையாக்கிவிட்டுக் கீழே இறங்கின. இரண்டு வருடமாக என் ராகியில் ஒரு மணி வீடு வந்து சேரவில்லை. பஞ்சாயத்தில் பிடிக்கச் சொன்னார்கள். சாமி ஆட்டின் மேல் கயிறு போட யாருக்கும் துணிச்சல் இல்லை.

"உன் ராகியத் தின்னு என் ஆடு உன்னையவிட மினுமினுன்னு ஆயிருச்சு, பாருடி" என்று உன் அம்மா சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

அந்த ஆட்டுக்குப் புட்டிப்பால் கொடுத்தவள் நான். கூப்பிட்டால் வரும். அது போகிற இடத்துக்கு மற்றதெல்லாம் போகும். தை மாதம், நானும் உன் அம்மாவும் கல் உடைத்த பழைய குவாரிக்குள் அழைத்துப்போய்த் தவிடு வைத்தேன். தவிட்டில் பூச்சிமருந்து இருந்தது. மணிக்காரிக்கு மட்டும் கையில் ஊட்டினேன். அதற்கு அப்படித்தான் பழக்கம்.

சாமி தன் ஆட்டைத் தானே ஓட்டிக்கொண்டது என்றது ஊர். உன் அம்மா மட்டும் நம்பவில்லை. கண்ணில் புரை வேறு. திங்கட்கிழமைதோறும் அகத்திக்கீரையோடு கரட்டடியில் நிற்பாள். மணிச்சத்தம் கேட்காவிட்டால் சோறு இறங்காது. அதனால் செத்த ஆட்டின் கழுத்திலிருந்து கழற்றிவந்த மணியை, பாறைக்குப் பின்னால் நின்று நான் ஆட்டினேன். அவள் வைத்துவிட்டுப் போகும் கீரையை ஒன்பது வாரம் நான்தான் சமைத்துச் சாப்பிட்டேன்.

போன ஞாயிறு சொன்னாள்: "சத்தம் பத்தாது வடிவு. நாளைக்கு ஒருக்கா தொட்டுப் பாத்துரணும்."

தொட ஆடு இல்லை. அது தெரிந்தால், உனக்கு என்ன ஆகுமோ என்று தினமும் செத்துச் செத்துப் பிழைப்பாள். நாற்பது வருடப் பழக்கம் கண்ணு, அதை நான் பார்க்க முடியுமா?

மறுநாள் குவாரியின் எதிர்க்கரையில் நின்று ஆட்டினேன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளைத் தூக்க இறங்கியபோது நீ பார்த்த எலும்புகள் அந்த ஆடுகளுடையவைதான். விளிம்பில் நின்று காலால் தடவினாள்.

"வடிவு, அங்கயா இருக்கற? பள்ளம் கிட்ட வந்துட்டனா?"

மணியை இன்னொரு தடவை, மெதுவாக ஆட்டினேன்.

கீரையை முன்னால் நீட்டிக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் காலெடுத்து வைத்தாள், ரவி. உனக்கு ஒரு குறையும் வராது என்று நம்பியபடியே போனாள். அந்த நிம்மதியை அவளுக்கு நான்தான் கொடுத்தேன்.